அப்பத்தா எடுத்த ரெண்டாவது இழை: செட்டிநாட்டு வீடுகள்ல நமக்கு நடந்தது

செக்காலைப் பொண்ணு:

எங்க அப்பத்தா வருஷா வருஷம் பிள்ளையார் நோன்புக்கு ரெண்டு இழை எடுத்துக்குவாங்க. நகரத்தார் வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதுல என்ன விஷயம்னு உடனே புரிஞ்சிருக்கும், மத்தவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். திருக்கார்த்திகைல இருந்து 21 நாள் கழிச்சு, சஷ்டியும் சதயமும் கூடுற அன்னிக்கு சாயங்காலம் கும்பிடுறது. புது வேட்டி நூல்ல 21 இழை எடுத்து திரியாத் திரிச்சு, அரிசி மாவு வெல்லம் நெய் போட்டுப் பிசைஞ்ச இழைமாவுல சொருகி, பத்த வெச்சு வீட்டுப் பெரியவங்க கையில தருவாங்க. அத எரிய எரிய அப்படியே வாயில போட்டுக்கணும். சின்ன வயசுல ரொம்ப பயமா இருக்கும், ஆனா வாய மூடுன உடனே அணைஞ்சிரும். மேல் அண்ணத்துல லேசா ஒரு சூடு, கருகுன நூல் வாசம், அப்புறம் நெய்யும் வெல்லமும். வீடு பூரா ஆவாரம்பூவும் பொரியுமா இருக்கும்.

ஆளுக்கு ஒரு இழைதான். வயித்துல பிள்ளை இருக்கறவங்க மட்டும் அந்தப் பிள்ளைக்கும் சேத்து ரெண்டு எடுப்பாங்க. எங்க அப்பத்தா எண்பது வயசுக்கு மேலயும் ரெண்டு எடுத்தாங்க. ஏன் அப்பத்தான்னு ஒருதடவ கேட்டப்ப அம்மா என் தொடையில கிள்ளி சும்மா இருன்னாங்க, அதோட சரி.

வீடு காரைக்குடி பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கு. முன்வாசல் ஒரு தெருவுல பின்வாசல் அடுத்த தெருவுல, முகப்பு, பட்டாசாலை, வளவு, ரெண்டாம் கட்டு, அடுப்படின்னு நீளமா போயிட்டே இருக்கும். வளவுன்னா நடு முற்றம், அதச் சுத்தி ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ரூம். கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளையும் குடும்பத்தோட ஒரு புள்ளி, அதான் கணக்கு. அதுல மூலையில இருந்த ஒரு ரூம் மட்டும் எப்பவும் பூட்டியே கெடக்கும். சாவி அப்பத்தா இடுப்புல. கேட்டா பழைய சாமான் கெடக்குன்னு சொல்லுவாங்க, நாங்களும் நம்புனோம், ஏன்னா எந்த வீட்லதான் பித்தளை சாமானும் ரங்கூன்ல இருந்து வந்த மரப்பெட்டியும் அடைச்ச ரூம் இல்ல?

இன்னொண்ணு. காலைல அரிசி அளக்குறது எப்பவும் அப்பத்தாதான். உழக்க தலை தட்டி தட்டி முறத்துல கொட்டுவாங்க, ஆளுக்கு ஒரு உழக்கு. ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, "லாபம்"னுதான் ஆரம்பிப்பாங்க, லாபம், ரெண்டு, மூணுன்னு போகும். கடைசில தலைக்கு மேல ஒரு உழக்கு கூட விழும். யாருக்குன்னு கேட்டா "வர்றவுகளுக்கு".

ஐப்பசி மழையில அப்பத்தா தவறிட்டாங்க. கருமாதி முடிஞ்சு சொந்தமெல்லாம் கெளம்பி, அந்த அவ்வளவு பெரிய வீட்ல நானு அப்பா அம்மா தம்பி நாலு பேருதான். எனக்கு அழுகையே வரல, அதுதான் எனக்கு பெரிய கஷ்டமா இருந்துச்சு, எல்லாரும் அழறாங்க நான் மட்டும் காபி டம்ளர் எண்ணிக்கிட்டு இருக்கேன். ராத்திரி பட்டாசாலைல படுத்திருந்தோம். விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துச்சு. மழை விட்ருந்துச்சு, ஓட்டுத் தண்ணி மட்டும் வளவுல வெச்ச அண்டாவுல சொட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு நடுவுல ரெண்டாம் கட்டுப் பக்கமிருந்து அரிசி கொட்டுற சத்தம்.

அப்புறம் ஒரு கொரல். "லாபம்."

அப்பத்தா கொரல் இல்ல. சின்னப் பையன் கொரல், எட்டு ஒம்போது வயசு இருக்கும், இப்பதான் கத்துக்கிட்ட மாதிரி நிதானமா சொல்றான். ரெண்டு. மூணு. நாலு. அங்க கொஞ்சம் நின்னுச்சு. அஞ்சு. நான் மூச்சு விடாம படுத்திருக்கேன், அஞ்சு வரைக்கும் எங்க வீட்டுக் கணக்கு எனக்குத் தெரியும். அப்புறம் "ஆறு"ன்னான், உழக்க கீழ வெச்ச சத்தம் கேட்டுச்சு, அவ்வளவுதான். எந்திரிச்சுப் போய் பாக்க கால் வரல.

காலைல அம்மா என்னைய கூப்புட்டு ஏன் இவ்வளவு அரிசி அளந்து வெச்சன்னு கேட்டாங்க. முறத்துல இருந்தத திருப்பி அளந்தாங்க. ஆறு உழக்கு. நான் அளக்கலம்மான்னு சொல்றேன், அம்மா மொகம் மாறிருச்சு, அப்பா ஒண்ணுமே பேசாம அப்பத்தா சுருக்குப்பைய எடுத்து சாவிய உருவி நேரா மூலை ரூமுக்குப் போனாரு.

உள்ள ஒரு அலமாரி, அதுல மடிச்சு வெச்ச சின்ன வேட்டி, ஒரு பட்டுச் சட்டை, செலேட்டு, ஒரு கணக்கு நோட்டு. நோட்டு அட்டையில எங்க அப்பா பேரு. கீழ 1959ன்னு போட்ருக்கு. எங்க அப்பா பொறந்தது 1964. நான் அந்த வருஷத்தையே பாத்துக்கிட்டு நிக்கறேன். அப்பா பின்னாடி இருந்து "அது நான் இல்லத்தா"ன்னாரு.

மீதியச் சொன்னது சின்னப்பத்தா, எங்க ஐயாவோட, அதான் தாத்தாவோட, தம்பி சம்சாரம். அப்பத்தாவுக்கு ஒரு மகன் இருந்திருக்காரு. நோன்பு அன்னிக்கு மத்தியானம் ஊருணிக்கு விளையாடப் போனவரு திரும்பல. சாயங்காலம் இழை எடுக்க எல்லாரும் கூடுறப்ப இவரத் தேடிக்கிட்டு இருந்தாக, ராத்திரிதான் கெடச்சுது. "அவன் பங்கு இழை அப்படியே தட்டுல இருந்துச்சுத்தா, ஓங்க அப்பத்தா அத எடுத்து தான் வாயில போட்டுக்கிட்டாக. அதுக்கப்புறம் ஒரு வருஷம் விட்டதில்ல." சில வருஷம் கழிச்சு கோயில் பங்காளி வீட்டுல இருந்து எங்க அப்பாவ பிள்ளை கூட்டிருக்காங்க, அதாவது தத்து எடுத்திருக்காங்க. மஞ்சநீர் குடிச்சு வந்த பிள்ளை எங்க அப்பா. மூத்த மகனுக்கு ஐயாவோட அப்பா பேரத்தான் வைக்கணும், அதனால அதே பேரு. ஊர்ல பெருசுக எல்லாருக்கும் இது தெரியும். எங்களுக்கு மட்டும் தெரியாது.

எனக்கு ரொம்ப கோவம் வந்துச்சு, இப்பவும் இருக்கு. அறுவது வருஷத்துக்கு மேல ஒரு தாய் தன் பிள்ளை பேரச் சொல்லி அழ முடியாம இருந்திருக்காங்க, அந்தப் பேர்ல இன்னொரு பிள்ளை வீட்ல ஓடிக்கிட்டு இருக்கு, சொன்னா இவன் மனசு நோகும், சொல்லலைன்னா அவன் இல்லாமயே போயிருவான். பெரியவங்க நல்லதுக்குத்தான் மறைச்சாங்கன்னு சின்னப்பத்தா சொல்றாங்க. எனக்கு ஒத்துக்க முடியல.

அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட அந்த கொரல் பத்தி சொன்னேன். சிரிக்கல, பயப்படவும் இல்ல. "நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு நாலு வயசு. யாரையும் தெரியாது. ஒண்ணுன்னு சொல்லக்கூடாது, லாபம்னு சொல்லணும்னு எனக்கு சொல்லிக் குடுத்தது அவன்தான்"ன்னாரு. அப்பதான் எனக்கு அழுகை வந்துச்சு. ஆறாவது உழக்கு யாருக்குன்னும் அப்பதான் புரிஞ்சுது.

தேவகோட்டைக்காரன்:

படிச்சுட்டு கை நடுங்குது தங்கச்சி. எங்க வீட்டு விஷயமும் சொல்றேன், இந்த அளவுக்கு இல்ல.

எங்க வீட்ல பங்குனி மாசம் ஒரு ராத்திரி மட்டும் முன்வாசல் கதவ சாத்த மாட்டாங்க. அவ்வளவு கனமான தேக்குக் கதவு, ரெண்டு பக்கமும் திறந்து, திண்ணைல வெளக்கு, ஒரு செம்புல நீர்மோர். ஏன்னு யாரும் சொன்னதில்ல. நான் காலேஜ் படிக்கறப்ப அந்த ராத்திரி திண்ணைலயே படுத்தேன். செருப்பில்லாத கால் நடந்து வர்ற சத்தம், ஒரு கால இழுத்து இழுத்து, படி வரைக்கும் வந்து நின்னுச்சு. கண்ண தொறந்தா ஆள் இல்ல. காலைல பாத்தா செம்பு காலி, பூனை குடிச்சிருக்கலாம், நான் அடிச்சுப் பேச வரல.

வீட்ட பாகம் பிரிக்கறப்ப பழைய பேரேடெல்லாம் வெளிய வந்துச்சு. அதுல 1943ல இருந்து வருஷா வருஷம் பங்குனில ஒரு பற்று, பணம் குடுத்த கணக்கு, "நடந்து வந்த வகைக்கு"ன்னு. பேரு இல்ல. எங்க பெரியய்யா ரங்கூன் கடையில இருந்தவரு, ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப கப்பல் கெடைக்காம அரக்கான் வழியா நடந்து வந்தவங்கள்ல அவரும் ஒருத்தர், வழியிலயே காய்ச்சல்ல போயிட்டாருன்னு மட்டும்தான் முன்ன எங்களுக்குத் தெரியும். அவர கடைசி வரைக்கும் தோள்ல தாங்கி வந்து, மோதிரத்த பத்திரமா வீட்ல சேத்தது கடையில வேலை பாத்த பெட்டியடிப் பையன். அவன் குடும்பத்துக்குப் போன பணம் அது. சாகும்போது பக்கத்துல பங்காளி யாரும் இல்ல, ஒரு வேலைக்காரப் பையன் மடிலதான் உயிர் போச்சுன்னு வெளிய தெரியக்கூடாதுன்னு மறைச்சிருக்காங்க. இதுல மறைக்க என்ன இருக்கு, பெருமையால்ல சொல்லிருக்கணும்.

பள்ளத்தூர் ஆச்சி:

ஆத்தா, ஒன்னு கேக்கணும். எங்க வீட்ல எங்க அத்தை ஒருத்தி பதினாறு வயசுல போயிட்டா, வைசூரின்னு சொல்லுவாக, வேற காரணமும் காதுல விழுந்திருக்கு. அவ பேரையே யாரும் எடுக்குறதில்ல. வீட்ல செத்தவுகளுக்கு எலை போட்டுக் கும்பிடுற படைப்புல அவளுக்கு எலை கெடையாது. கண்ணாடி முன்னாடி தலை சீவுறப்ப எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு பொறுமையா தன் முறைக்கு நிக்குற மாதிரி இருக்கும், கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து. பயம் இல்ல, பாவமாத்தான் இருக்கு. ஒங்க பெரியப்பாவுக்கு படைப்புல எடம் குடுத்தாகளா? பங்காளிக ஒத்துக்கிட்டாகளா?

செக்காலைப் பொண்ணு:

ஆச்சி, குடுத்தாங்க, ஆனா லேசுல இல்ல. கல்யாணமாகாத பிள்ளை, புள்ளிக் கணக்குல வராது, முன்ன வழக்கம் இல்லன்னு ரெண்டு பேரு நின்னாங்க. அப்பாதான் எந்திரிச்சு, அவன் இடத்துலதான் நான் ஒக்காந்திருக்கேன், அவனுக்கு எலை இல்லன்னா எனக்கு எதுக்கு பங்குன்னு கேட்டாரு. அதுக்கு மேல யாரும் பேசல. சின்னதா ஒரு வேட்டியும் துண்டும் வாங்கி படைப்புத் துணி வைக்கிற பேழைல வெச்சோம். எலையில கும்மாயமும் கவுனரிசியும், அவருக்கு அது ரெண்டும்தான் பிடிக்கும்னு சின்னப்பத்தா ஞாபகம் வெச்சிருந்தாங்க.

படைப்பு முறை வீட்டுக்கு வீடு மாறும், உங்க வீட்ல எப்படின்னு எனக்கு சொல்ல வராது. ஒண்ணு மட்டும், படைப்பு அன்னிக்குப் போய் கேக்காதீங்க, அன்னிக்கு எல்லாரும் அவசரத்துல இருப்பாங்க, வேண்டாம்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்க. ஒரு மாசம் முன்னாடியே பங்காளியில மூத்தவர் வீட்டுக்கு உங்க வீட்டுக்கார அண்ணனையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அத்தை பேர மொதல்ல சொல்லிட்டு அப்புறம் பேச்ச ஆரம்பிங்க ஆச்சி, சுத்தி வளைச்சா அவங்க வேற பேச்சுக்குப் போயிருவாங்க.