வைரல் லோட் அடங்கிவிட்டது, எச்பிவி மட்டும் பாசிட்டிவ். எப்போது மறு டெஸ்ட்?

தாராவி_களப்பணி
எச்ஐவியோடு வாழும் 34 வயது அக்கா ஒருவருக்காகக் கேட்கிறேன். ஆறு வருடமாக ஏஆர்டி (எச்ஐவியை அடக்கும்) மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. வைரல் லோட் (ரத்தத்தில் எச்ஐவி அளவு) ரிப்போர்ட்டில் ‘டார்கெட் நாட் டிடெக்டெட்’, அதாவது கிருமி தென்படவில்லை, சிடி4 (எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) 610. இப்போது எச்பிவி (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) டிஎன்ஏ டெஸ்டில் 16, 18 வகைகள் நெகட்டிவ், ‘மற்ற ஹை-ரிஸ்க் வகை’ பாசிட்டிவ். வினிகர் டெஸ்ட் (கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் ஆசிட் தடவி வெளுக்கிறதா என்று பார்ப்பது) நெகட்டிவ். “பெரிய கிருமியே அடங்கிவிட்டது, இது எப்படி வந்தது?” என்று தவிக்கிறார். ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் போதும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரியா? எச்பிவி தடுப்பூசி போட்டால் இது போய்விடுமா? 12 வயதில் மகள் இருக்கிறாள், அவளுக்கு எச்ஐவி இல்லை.

சயான்_செவிலியர்
ஐந்து வருடம் விடக்கூடாது. 12 மாதத்தில் மறுபடி எச்பிவி டெஸ்ட். தேதியை இன்றைக்கே கேஸ் பேப்பரில் எழுதி வாங்குங்கள்.

ஏஆர்டி மாத்திரை எச்ஐவியைத்தான் அடக்கும், எச்பிவியை நேராகத் தாக்காது. எச்பிவி ரத்தத்தில் ஓடுவதில்லை, கர்ப்பப்பை வாயின் மேல்தோலுக்குள் தங்கியிருக்கும். அதை விரட்டுவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி மட்டுமே. பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும். எச்ஐவி இருந்தால் தங்கிவிடும் வாய்ப்பு கூடுதல். இதில் இன்றைய 610 மட்டும் கணக்கில்லை, மாத்திரை தொடங்குமுன் சிடி4 எவ்வளவு கீழே இறங்கியிருந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

எச்ஐவி உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட சுமார் 6 மடங்கு. சாதாரணமாக இந்த நோய் முற்ற 15 முதல் 20 வருடம் ஆகும். எச்ஐவிக்குச் சிகிச்சை எடுக்காதவர்களுக்கு 5 முதல் 10 வருடத்திலேயே முற்றிவிடலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்ஐவி உள்ளவர்களுக்குத் தனிக் கணக்கு வைத்தது. 30 வயதுக்குப் பதில் 25-லேயே பரிசோதனை தொடங்க வேண்டும். எச்பிவி நெகட்டிவ் என்றால் 3 முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை. எச்பிவி பாசிட்டிவாக இருந்து, அதைத் தொடர்ந்து செய்யும் வினிகர் டெஸ்ட் போன்ற சோதனை நெகட்டிவ் என்றால் 12 மாதத்தில் மறுபடி எச்பிவி டெஸ்ட். இந்த அக்கா அந்தக் கடைசி வகை. அடுத்த வருடம் நெகட்டிவ் வந்தால் வழக்கமான இடைவெளிக்குப் போகலாம், மறுபடி பாசிட்டிவ் என்றால் கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது).

பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. இதை அந்த அக்காவிடம் முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள், பாவம்.

கால்போ_டேபிள்
வினிகர் டெஸ்ட் நெகட்டிவ் என்பதை எவ்வளவு நம்பலாம் என்பது செய்த விதத்தைப் பொறுத்தது. 5 மில்லி கிளேஷியல் அசிட்டிக் ஆசிடை 95 மில்லி டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து, அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். பழைய கரைசல் வீரியம் குறைந்து, வெளுக்க வேண்டிய இடம் வெளுக்காது. கலக்காமல் வைத்தால் தோல் வெந்துவிடும். பஞ்சால் ஒத்தியதும் முழு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டமான கேம்பில் இந்த ஒரு நிமிடம்தான் இருபது நொடியாகச் சுருங்குகிறது. சந்தி வளையத்தை (கர்ப்பப்பை வாயில் இரு வகை மேல்தோல் சேரும் இடம்) ஒட்டி, விளிம்பு தெளிவாக, கெட்டியாக வெள்ளை எழுந்தால் பாசிட்டிவ். மங்கலாகத் திட்டுத்திட்டாக எல்லா இடத்திலும் வெளுத்தால் பெரும்பாலும் அழற்சி, அதற்கு மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நின்ற பலருக்கு அந்த வளையம் உள்ளே ஏறிவிடும். கண்ணுக்கே தெரியாததை நெகட்டிவ் என்று எழுதக்கூடாது.

சரியாகச் செய்தால் பலன் உண்டு. டாடா மெமோரியல் மருத்துவமனை இதே மும்பையின் சேரிப் பகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை வைத்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வினிகர் டெஸ்ட் செய்தது. இந்தப் புற்றுநோயால் வரும் மரணம் 31 சதவீதம் குறைந்தது.

தாராவி_களப்பணி
நன்றி. பரிசோதனை டேபிளில் படுக்கக் கூச்சம் என்று வராதவர்களுக்குத் தாங்களே சாம்பிள் எடுக்கச் சொல்லலாமா?

சயான்_செவிலியர்
எச்பிவி டிஎன்ஏ டெஸ்டுக்குத் தாராளமாக. மாதவிடாய் நாளில் வேண்டாம், முந்தின இரண்டு நாள் உள்ளே கிரீம், மாத்திரை எதுவும் வைக்கக்கூடாது. கை கழுவிவிட்டு, ஒரு காலைப் படியில் வைத்து, பிரஷ்ஷை லேசாகத் தடுக்கும் வரை உள்ளே விட்டு, நாலைந்து முறை சுற்றி எடுக்க வேண்டும். நுனியில் விரல் படாமல் நேராகக் குழாய்க்குள். பாசிட்டிவ் வந்தால் மட்டும் டேபிளுக்கு வந்தே ஆக வேண்டும், அந்த சாம்பிளில் வினிகர் டெஸ்டோ பாப்ஸ்மியரோ (கர்ப்பப்பை வாய் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) செய்ய முடியாது. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பாதிப் பேர் பிறகு வருவதில்லை.

ஏஆர்டி_ஆலோசகர்
எச்பிவி தடுப்பூசி ஏற்கெனவே ஒட்டிய எச்பிவியை எடுக்காது. ஆனால் மகளுக்கு இதுதான் சரியான வயது, தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள். எச்ஐவி உள்ள பெண் பிள்ளை என்றால் குறைந்தது 2, முடிந்தால் 3 டோஸ்.

இன்னொன்று. அந்த அக்காவின் கோப்பில் எச்பிஎஸ்ஏஜி (ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட்) ரிசல்ட் இருக்கிறதா பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி இருந்தால் ஏஆர்டியில் உள்ள டெனோபோவிர், லாமிவுடின் இரண்டும் அதையும் சேர்த்தே அடக்கிக்கொண்டிருக்கும். மாத்திரை மாற்றும்போது அவை கவனியாமல் நின்றுபோனால் கல்லீரல் திடீரென்று வீங்கிப் பெரிய ஆபத்தாகும். எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், எதிர்ப்பும் இல்லை என்றால் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டு, முடிந்த ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் (ஊசியால் எதிர்ப்பு வந்ததா என்று காட்டும் டெஸ்ட்) பார்க்க வேண்டும். 10-க்குக் கீழே இருந்தால் திரும்பப் போட வேண்டிவரும்.