‘ஃபிளேக்கி டெஸ்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இணையதளம் ஒழுங்காக இயங்குகிறதா என்று உலாவியைத் தானே இயக்கிச் சோதிக்கும் கருவிகள் புரோட்ராக்டரும் பிளேரைட்டும். புரோட்ராக்டரில் எழுதிய பழைய உலாவிச் சோதனைகளைப் பிளேரைட்டுக்கு மாற்றுவதுதான் பாடம். புரோட்ராக்டருக்கான ஆதரவை, அதை உருவாக்கிய கூகுளின் ஆங்குலர் குழு 2023-இல் நிறுத்திவிட்டது. மாற்றியே ஆக வேண்டும்.

‘ஃபிளேக்கி டெஸ்ட்’ என்ற ஒரு சொல்லில்தான் நிற்கிறேன். நிரலில் ஓர் எழுத்தும் மாறாமலே காலையில் தேறும், மாலையில் தோற்கும் சோதனை அது. பல நேரம், பொத்தான் திரைக்கு வருமுன்பே சொடுக்கிவிடுவதுதான் காரணம். பழைய நிரல்களில் ஆங்காங்கே ‘3 நொடி தூங்கு’ என்று எழுதி ஒப்பேற்றியிருப்பார்கள். பிளேரைட்டோ, பொத்தான் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, சொடுக்கினால் ஏற்குமா என்று தானே பார்த்துக் காத்திருக்கும். இந்தச் சொல் புரியாமல் மாற்றத்தின் பயன் மாணவருக்கு எப்படிப் புரியும்? ‘நிலையற்ற சோதனை’ சரியா?

* * *

> நிலையற்ற சோதனை

வேண்டாம் தம்பி. கணினியே நிலைகுலைந்தாலும் அதைத்தானே சொல்வோம்? நன்னூல் பாயிரம் ஆசிரியருக்கு மலையை உவமை சொல்லும்போது ‘துளக்கலாகா நிலை’ என்கிறது. துளங்குதல் என்றால் அசைதல். ‘துளங்கு சோதனை’ என்று வையுங்கள். வினைத்தொகை, வல்லினம் மிகாது, நேற்றுத் துளங்கியதும் நாளை துளங்கப்போவதும் அதற்குள் அடங்கும். ‘சோதனை’யும் வடசொல்தான், ‘துளங்கு தேர்வு’ என்றால் இன்னும் நன்று. புரோட்ராக்டரையும் ‘கோணமானி’ ஆக்கலாமே?

* * *

ஐயா, கருவிகளின் பெயரைத் தொட வேண்டாம். கோணமானி என்று இணையத்தில் தேடும் மாணவருக்குக் கணிதக் கருவிதான் கிடைக்கும். ‘தேர்வு’ என்றால் என் வகுப்பில் செமஸ்டர் தேர்வு. போதாததற்கு, பக்கத்தில் எந்தப் பொத்தான் என்று சுட்டும் செலக்டரை வேறு ‘தேர்வி’ என்று சொல்லிக்கொடுக்கிறேன். ‘துளங்கு’ அழகான சொல், ஆனால் அதற்கே ஓர் அருஞ்சொற்பொருள் தேவைப்படும்.

* * *

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு யோசனை: ‘தளம்பும் சோதனை’. இங்கே பத்திரிகைகளில் ‘விலைத் தளம்பல்’ அன்றாடம் வரும். நிறைகுடம் தளம்பாது என்றால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

* * *

எங்கள் பக்கம் ‘தளும்பாது’ என்போம். ‘தளம்பும்’ என்று அச்சிட்டால் எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள். ததும்பு, தளும்பு, தளம்பு மூன்றும் ஒரே வேரா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

* * *

விடிந்தால் வெள்ளி. இன்று வகுப்பிலேயே கேட்டுவிட்டேன். ‘ஆட்டம் காட்டும் டெஸ்ட்’ என்றான் ஒருவன். எல்லாருக்கும் உடனே புரிந்தது. ஆனால் அட்டவணையில் வைக்க நீளம். இங்கே யாழ்ப்பாணத்திலிருந்து ‘தளம்பும் சோதனை’ வந்தது. அதையே போட்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஆட்டம் காட்டும்’ என்று விளக்கம் தருகிறேன். அனைவருக்கும் நன்றி.

* * *

தம்பி, என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தளம்புவது நீர். சோதனை துளங்கத்தான் செய்யும். அடுத்த பதிப்பு எப்போது?