கிணற்றில் மூழ்கிய அக்கா மகன், ஆஸ்பத்திரியில் கழிந்த நாட்கள்

அக்கா மகனுக்கு ஏழு வயது. கோடை லீவுக்குக் கோபி பக்கம் தாத்தா ஊருக்குப் போனவன், தோட்டத்துக் கிணற்றில் பெரிய பையன்களோடு இறங்கியிருக்கிறான். முதுகில் கட்டியிருந்த பிளாஸ்டிக் கேன் அவிழ்ந்துவிட்டது. கத்தவே இல்லை, படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கே தெரியவில்லை. சினிமாவில்தான் முங்குகிறவன் ‘காப்பாத்துங்க’ என்று கூவுவான், நிஜத்தில் மூச்சுக்கே வழியில்லாதவன் எங்கே கூவுவது?

மேலே தூக்கியபோது மூச்சு இல்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்று, வயிற்றை அமுக்கு என்று ஆளுக்கொன்று சொல்ல, மில்லில் முதலுதவி கற்றுக்கொண்ட பக்கத்துத் தோட்டத்து அண்ணன் யாரையும் கிட்டே விடாமல், மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வாய் வைத்து ஊதினார். நாலைந்து தடவை ஊதியதும் இருமி, வாந்தி எடுத்து, அழுதான். வயிற்றை அமுக்கியிருந்தால் தின்ற சோறு நுரையீரலுக்குள் போயிருக்கும் என்று டாக்டர் அப்புறம் சொன்னார்.

எழுந்து உட்கார்ந்துவிட்டான், சுற்றிப் போட்டுவிட்டுத் தூங்க வைக்கலாம் என்றார் பாட்டி. நல்லவேளை, அதற்குள் 108 வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பிஸ்கட் கேட்டவனுக்கு ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கியது. நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பூச்சைத் தண்ணீர் கெடுத்துவிடுமாம், அது தெரியவே சில மணி நேரம் ஆகுமாம். மாஸ்க் மாட்டினார்கள், அவன் பிடுங்கிப் போட, அக்கா கையைப் பிடித்துக்கொண்டே விடியவிடிய உட்கார்ந்திருந்தாள்.

இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறான். ஆனால் தலையில் தண்ணீர் ஊற்றினால் அலறுகிறான். இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

~

நான் குழந்தைகள் வார்டில் நர்ஸ். எங்களிடம் வருவதில் பாதிக்குக் கிணறும் இல்லை, ஆறும் இல்லை. பாத்ரூம் வாளிதான். நடக்கப் பழகும் பிள்ளைக்குத் தலை கனம், குப்புற விழுந்தால் நிமிர முடியாது.

பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் ஆறேழு மணி நேரமாவது வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவோம். ‘சும்மாதானே படுக்க வைத்திருக்கிறீர்கள், ஒரு ஆன்டிபயாடிக் ஊசியாவது போடுங்கள்’ என்று சண்டைக்கு வருவார்கள். கிருமித் தொற்றுக்கான அறிகுறி இல்லாமல் அதைப் போட்டுப் பயனில்லை.

அலறுவது பல பிள்ளைகளுக்கு உண்டு அக்கா. கொஞ்ச நாள் தலைக்கு ஊற்றாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து விடுங்கள். சொம்பை அவன் கையிலேயே கொடுங்கள், காலில் ஊற்றிக்கொள்ளட்டும். வாரக்கணக்கில் தூக்கத்திலும் அலறினால், குழந்தைகள் மனநல டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.