குழு: நம்ம தாராவி குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை

செல்வம் பெரியப்பா 8:12
[படம்]
எல கார்த்தி, இத படிச்சியா? நான் வாங்குற வாரப் பத்திரிகைப் புக்கு இப்பத்தான் 90 ஃபீட் ரோட்டுக் கடைக்கு வந்துச்சு. நடுப்பக்கம் பூரா நம்ம ஏரியா. "கொதிக்கும் தாராவி!"ன்னு தலைப்பு. எங்கல கொதிக்கு? இங்க டீதான் கொதிக்கு.

கார்த்தி 8:15
படம் மங்கலா இருக்கு பெரியப்பா. விரல் வேற விழுந்திருக்கு

செல்வம் பெரியப்பா 8:19
40 வருசமா வாங்குதேன். முன்னாடி இப்படியா எழுதுவான்? இப்ப ஒரே கட்சிக்கு வால் பிடிக்கான். தாராவிய இடிச்சுக் கட்டி வீடு தர்ற திட்டத்துல 350 சதுர அடி, தனி கக்கூஸ், தனி அடுப்படி. அத ஒரு வரியில முடிச்சிட்டு மிச்சம் அஞ்சு பக்கமும் ஒப்பாரி. அடுத்த வாரத்துல இருந்து நிப்பாட்டப் போறேன்.

ராணி அத்தை 8:24
ஒப்பாரியா? அண்ணே, அந்தப் புக்கு வெலபோயிட்டுன்னுல்லா நான் சொல்லிட்டு இருக்கேன். பின்னட்டைய திருப்பிப் பாருங்க. முழுப் பக்கம் ஃப்ளாட் விளம்பரம். மேல்மாடிக்காரங்களப் பத்தி எத்தன வரின்னு எண்ணுனேன். மூணு.

ஜெயா (முலுண்ட்) 8:26
ரெண்டு பேரும் ஒரே புக்கத்தான் படிச்சீங்களா

கார்த்தி 8:31
ஜெயாக்கா, மேட்டர் என்னன்னா பெரியப்பா கீழ் வீடு, அத்தை அதே வீட்டுக்கு மேல. பெரியப்பாகிட்ட 2000 ஜனவரி 1க்கு முன்னாடி உள்ள கரண்ட் பில் இருக்கு, அதனால தாராவிக்குள்ளேயே ஓசி வீடு. அத்தை ஏணி ஏறிப் போற வீடு. மேல்மாடின்னா தாராவிக்கு வெளிய, வாடகை கட்டிக் கட்டி சொந்தமாக்கிக்கணும். ஒரே சுவரு, ரெண்டு கணக்கு

ராணி அத்தை 8:33
சொல்லு, நல்லா சொல்லு

செல்வம் பெரியப்பா 8:40
அதுக்கும் புக்குக்கும் என்னல சம்பந்தம்? சாய்வுன்னா என்னன்னு எனக்குப் பாடம் எடுக்காத. பால் தாக்கரே 1960ல மார்மிக் தொடங்குனாரு. கார்ட்டூன் வாரப் பத்திரிகை. எந்தெந்தக் கம்பெனியில எத்தன மதராஸி ஆபீசருன்னு பேரு பேரா லிஸ்ட்டு வரும். "வாசிச்சிட்டு சும்மா இரு"ன்னு தலைப்பு வேற. சிவசேனா வந்ததே அதுக்கப்புறம் 1966லதான். எங்க அப்பாவுக்கு மராத்தி எழுத்து தெரியாது, பக்கத்து வீட்டுல குடுத்து வாசிக்கச் சொல்லி நிப்பாவ. இந்தப் பக்கம் கரஞ்சியாவோட ப்ளிட்ஸ் பத்திரிகை, அது இடதுசாரி. யாரும் ஒளிச்சு எழுதல. நாம எங்க நிக்கோம்னு வாங்கும்போதே தெரியும்.

செல்வம் பெரியப்பா 8:44
1987ல அட்டையில ஒரு ஜோக்கு. எம்.எல்.ஏ.வ ஜேப்படிக்காரன், மந்திரிய முகமூடிக் கொள்ளைக்காரன்னு. அதுக்கு விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியன மூணு மாசம் ஜெயில்னு சட்டசபை உள்ள தள்ளுச்சு. எதிர்ப்பு கிளம்பி சில நாள்லயே விட்டாங்க. அந்தாளு விடல, கோர்ட்டுல 1,000 ரூவா நஷ்டஈடு வாங்குனாரு. அது பத்திரிகை.

ராணி அத்தை 8:46
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம் பெரியப்பா 8:46
என்ன போட்டு அழிச்ச?

ராணி அத்தை 8:47
ஒண்ணுமில்ல. உங்க வயசுக்கு மரியாதை

கார்த்தி 11:05
அரே, நான் பெரியப்பா வீட்டுலதான் இருக்கேன். கட்டிலுக்கு அடியில இருந்த டிரங்குப் பெட்டிய பெரியம்மா திறந்து விட்டாங்க. இதே புக்கோட 1986 இதழ் ஒண்ணு கிடைச்சிது. ஸ்டேப்ளர் கம்பி துருப்பிடிச்சு ரெண்டு பக்கத்துலயும் காப்பி கலர் கறை, ஓரமெல்லாம் ராமபாணப் பூச்சி தின்னுருக்கு. ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி அறிவிச்சாருல்ல, அது தாராவியில என்ன ஆகும்னு கட்டுரை

கார்த்தி 11:09
எழுத்து எறும்பு சைஸு. ஆனா ஆளு வந்திருக்காரு. காலையில நாலு மணிக் குழாய்ல வரிசையா வச்ச குடம், எத்தனாவது குடத்துக்கு தண்ணி நின்னுச்சுன்னுகூட எழுதிருக்காரு. இட்லிக்கார அம்மா, தோல் கிட்டங்கி கணக்கப்பிள்ளை, கும்பார்வாடா குயவர். ஒன்பது பேரு பேசுறாங்க, அவங்க சொன்ன மாதிரியே

செல்வம் பெரியப்பா 11:10
நான் என்ன சொன்னேன்?

கார்த்தி 11:12
இருங்க. கடைசிப் பத்தியில "பிரதமரின் தொலைநோக்கு" ரெண்டு தடவ. "நன்றிக் கடன்" ஒரு தடவ

செல்வம் பெரியப்பா 11:13
அது அப்ப உண்மைதானல

ராணி அத்தை 11:13
ஆமாமா

கார்த்தி 11:24
இப்ப புதுசு. அஞ்சு பக்கத்துல ரெண்டு பக்கம் படம். பைப்லைன் மேல பிள்ளைங்க நடக்குற படம், பத்து வருசமா எல்லாரும் போடுற அதே படம்தான். கீழ ஒரு க்யூ.ஆர் கட்டம், தட்டுனா வீடியோ. பேரு சொல்லிப் பேசுற தாராவிக்காரன் ஒருத்தன் இல்ல. "விவரமறிந்த வட்டாரங்கள்", "சமூக ஆர்வலர் ஒருவர்". அதானி 2022 நவம்பர்ல 5,069 கோடிக்கு டெண்டர் எடுத்தது, கம்பெனி 80, மகாராஷ்டிரா அரசு 20ன்னு பங்கு, இதெல்லாம் சரியாத்தான் இருக்கு. மெட்ராஸ்ல உக்காந்தே எழுதலாம்

கார்த்தி 11:31
ஆனா வினைச்சொல்ல மட்டும் பென்சில்ல சுழிச்சுக்கிட்டே வந்தேன். மந்திரி எல்லா இடத்துலயும் "சமாளித்தார்". கம்பெனி அதிகாரி "தெளிவுபடுத்தினார்". நம்ம ஜனங்க மூணு இடத்துலயும் "புலம்பினர்". முதல் சொல்லு பெரியப்பாவுக்குக் குத்துது, மத்த ரெண்டும் அத்தைக்கு

ஜெயா (முலுண்ட்) 11:33
வாத்தியாரா போயிருக்கலாம்டா நீ

செல்வம் பெரியப்பா 11:52
எழுத்து மட்டும் பெருசாக்கிட்டான். கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அது ஒண்ணுதான் சௌகரியம்.

செல்வம் பெரியப்பா 11:58
ராணி, அந்த மூணு வரி எந்தப் பக்கத்துல?

ராணி அத்தை 12:01
38ல. பொட்டிச் செய்திக்குக் கீழ

செல்வம் பெரியப்பா 12:10
பாத்தேன். "தகுதி பெறாதோர் குறித்து பின்னர் முடிவெடுக்கப்படும் எனத் தெரிகிறது." ஏன், ஏணியில ஏறி வந்து கேட்டா இவனுக்குக் காலு ஒடிஞ்சிருமா?

கார்த்தி 12:12
வாசகர் கடிதத்துக்கு வாட்ஸ்அப் நம்பர் போட்டிருக்கான். எழுதட்டா?

செல்வம் பெரியப்பா 12:13
எழுது. மேல்மாடியப் பத்தி மூணு வரிக்கு மேல வரணும்.

கார்த்தி 12:30
"ஐயா, உங்கள் கட்டுரையில் எங்கள் தெருவில் யாரிடமும் பேசியதாகத் தெரியவில்லை. கீழ்வீட்டில் இருப்பவருக்கு உள்ளே இடம், ஏணி ஏறிப் போகும் அவர் தங்கைக்கு ஊருக்கு வெளியே. வெளியே என்றால் எங்கே, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், பிள்ளைகள் சயான் பள்ளிக்கு எப்படி வருவார்கள் என்று புலம்புகிறோம்..."

ராணி அத்தை 12:34
ஏல, நீயும் புலம்புகிறோம்னுதான போட்டிருக்க. கேட்கிறோம்னு மாத்து

கார்த்தி 12:35
மாத்திட்டேன் அத்தை

செல்வம் பெரியப்பா 12:36
அனுப்பு.