புதுப்பிப்பு: பள்ளிக்கரணையில் கோரைக்கு மேலே பறந்த அந்தப் பருந்து

அந்தி நேரத்தில் சென்னை பள்ளிக்கரணை சதுப்பில் தாழப் பறந்த பழுப்புப் பறவை கரும்பருந்தா, வேறு ஏதாவதா என்று முன்பு கேட்டிருந்தேன். வாலைப் பாருங்கள், கரும்பருந்துக்கு வால் பிளவுபட்டிருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். நேற்று சதுப்பை ஒட்டிய ரேடியல் சாலை ஓரம் நின்று பார்த்தேன். வாலில் பிளவே இல்லை. உச்சந்தலையும் தொண்டையும் வெளிர் மஞ்சள், மற்றபடி கரும்பழுப்பு. இறக்கையை லேசாக மேலே தூக்கி வைத்துக்கொண்டே மிதந்தது. ஆக, சேற்றுப் பூனைப்பருந்துதான், பெண் பறவை. குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வருகிற விருந்தாளி.

அது வரும்போதே தெரிந்துவிடுகிறது. நாமக்கோழிகள் ஒன்றோடொன்று நெருங்கிக்கொள்கின்றன, ஊசிவால் வாத்துகள் மொத்தமாக எழும்புகின்றன. அந்தச் சிறகோசையைக் கேட்கவே போகலாம்!

இருட்டியதும் மரத்துக்குப் போகாமல் கோரைக்குள்ளேயே தரையில் இறங்கிவிட்டது. இரவுத் தங்கலும் அங்கேதான். 2022இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்த இடம் இது. நீர்ப்பரப்பு மட்டும் போதாது, இந்தக் கோரையும் அப்படியே இருக்க வேண்டும்.

அப்புறம், பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் மாலை ஐந்து மணிக்கே போய்விடுங்கள். ஆறுக்கு மேல் நிறம் பிடிபடாது. தயவுசெய்து ஃபிளாஷ் வேண்டாம்.