ஆடித் திருவிழாவுக்கு வருகிறவர்கள்: எந்த ஊர் நேரம் என்று எழுதுங்கள்

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

போன வருடம் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தம்பி, டிக்கெட்டில் இருந்த இரவு 8.10-ஐச் சிங்கப்பூர் நேரம் என்று நினைத்து, அக்கறையாக இரண்டரை மணியைக் கழித்து, 5.40-க்கு இறங்குவதாக நமக்கு எழுதிவிட்டார். வேன் திருச்சி விமான நிலைய வாசலில் இரண்டரை மணி நேரம் நின்றது. டிரைவர் நான்கு டீ குடித்த கணக்கையும் சேர்த்துத்தான் கொடுத்தோம்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, இறங்கும் நேரம் இறங்கும் ஊருடையது. நாம் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். அப்படியே எழுதினால் போதும்.

என் அம்மாவுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. திருச்சியில் இரவு 12.30-க்கு ஏறினால் காலை 7-க்குச் சிங்கப்பூர். திரும்பும்போது மாலை 6.30-க்கு ஏறி 8.10-க்குத் திருச்சி. "போக ஆறரை மணி, வர ஒன்றே முக்கால் மணியா? வரும்போது இறக்கமாடா?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். வங்கக்கடலைக் கடந்து, சுமத்ராவின் வடமுனையைத் தொட்டு, மலாக்கா நீரிணை வழியாக இறங்குகிற பாதை. ஓடுதளத்தில் ஊர்ந்து நிற்பதையும் சேர்த்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். (தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் ஒரு வாரம்போல் ஆகும்.) மீதிக் குழப்பமெல்லாம் இரண்டரை மணி நேர வித்தியாசம் செய்கிற வேலை. அதிலும் சூரியக் கணக்குப்படி பார்த்தால் ஒரு மணி நாற்பது நிமிடம்தான் வரும். மிச்சம் ஐம்பது நிமிடம் அரசாங்கங்கள் வைத்தது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு சேர்ந்து சிங்கப்பூரும் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டது. சிங்கப்பூரில் காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று புதிதாக வருகிறவர்கள் விழிப்பது அதனால்தான்.

இனி அம்மாவின் இறக்கம். தென்மேற்குப் பருவத்தில், அதுவும் நம் ஆடி மாதத்தில், தென்னிந்தியாவுக்கு மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று ஆறுபோல் ஓடுகிறது. கீழே அடிக்கிற ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும். மேலே நேர் எதிர். 1958-இல் இதை விரிவாக எழுதியவர் கோடேஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அதன் உச்ச வேகம் 14 கிலோமீட்டர் உயரத்துக்குப் பக்கம். நம் விமானம் 11 கிலோமீட்டரில் போனாலும் அதன் கை கொஞ்சம் எட்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டால், 850-இல் பறக்கிற விமானத்துக்குப் போகும்போது 800, வரும்போது 900. மொத்த வழிக்கும் இருபத்தைந்து நிமிடம் வித்தியாசம் வரும். ஆக, ஊருக்கு வரும்போது கொஞ்சம் இறக்கம்தான். அம்மாவிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

அதனால் ஆடியில் டிக்கெட்டில் போட்டதற்குக் கால் மணி முன்னதாகவே இறங்கினாலும் பதற வேண்டாம். வேன் அச்சிட்ட நேரத்துக்குத்தான் வரும். பெயர், விமான எண், திருச்சியில் இறங்கும் நேரம், "ஊர் நேரம்" என்ற இரண்டு சொல்: இவ்வளவையும் வரும் ஞாயிறுக்குள் அனுப்பிவிடுங்கள்.