பூசணிப் பிஞ்சு நிற்கவே மாட்டேங்குது, பந்தல்ல கருவண்டு ஓட்டை: ரெண்டுக்கும் தொடர்பு உண்டா?

கொடிக்காரி

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன். இப்போ கேட்டே ஆகணும்.

உரக்குழியில தானா முளைச்ச பூசணிக் கொடி ஒண்ணு. பிடுங்கிப் போட மனசு வரலை. நாலு மூங்கில் நட்டுப் பந்தல் கட்டி ஏத்திவிட்டேன். பந்தலைத் தாண்டி வேலி வரைக்கும் ஓடிடுச்சு. கோடை முடியப் போகுது, இன்னும் ஒரு காய் கூட இல்லை. பெண்பூ வராம இல்லை, அடியில கோலிக்குண்டு மாதிரி பிஞ்சோடதான் வருது. பூ வாடி மூணு நாலு நாள்ல பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகிச் சுருங்கிடுது. தொட்டா கையோட வந்துடும். இதுவரைக்கும் 11 எண்ணிட்டேன். தண்ணி, தொழு உரம் எதுலயும் குறை வெக்கலை.

இன்னொரு விஷயம். பந்தல் மூங்கில்ல பெரிய கருப்பு வண்டு ஒண்ணு ஓட்டை போட்டிருக்கு. டிரில் மெஷின் வெச்சுப் போட்ட மாதிரி அச்சு வட்டம், என் சுண்டுவிரல் நுனி போகும். கீழே தூள் கொட்டிக் கிடக்கு. வெயில் பட்டா இறக்கை நீலமா மின்னுது. அதோட ஜோடியோ என்னவோ, இன்னொண்ணு நான் கிட்டப் போனா முகத்துக்கு நேரா அந்தரத்துல நின்னு முறைக்குது. "அதுதான் உன் பிஞ்சையெல்லாம் குத்துது, ஓட்டையில மண்ணெண்ணெய் ஊத்தி அடைச்சுடறேன்"னு வீட்டுக்காரர் நிக்கிறார். ஞாயிறு வரைக்கும் தவணை வாங்கியிருக்கேன்.

பக்கத்துலயே கத்தரி 4 செடி, தக்காளி 6. கத்தரி வஞ்சனையில்லாமக் காய்க்குது, பறிச்சு மாளலை, பாதி முத்திப்போகுது. தக்காளி மட்டும் சிவக்காம ஆரஞ்சுலயே நிக்குது.

கொடியால நஷ்டம்னும் சொல்ல மாட்டேன். ஆண்பூவைச் சமைக்கலாம்னு தெரிஞ்சதுலேர்ந்து தினம் 6 மணிக்கே ஒரு கிண்ணம் பறிச்சுடுவேன், வெயில் ஏறினா வாடிடுமே. நடுத்தண்டைக் கிள்ளி எறிஞ்சுட்டு, பூண்டு நசுக்கிப் போட்ட எண்ணெய்ல ஒரு புரட்டு புரட்டி உப்புத் தூவினா போதும். ரெண்டு நிமிஷத்துக்கு மேல அடுப்புல வெச்சா கூழாயிடும். பெரியவன் காய்கறின்னாலே ஓடுறவன், இதுக்கு மட்டும் தட்டோட வந்து நிக்கிறான்.

கேள்வி இதுதான். அந்த வண்டுதான் காரணமா? அடைச்சுடலாமா?

பழைய மண்வெட்டி

அடைக்காதீர்கள் அம்மா. மண்ணெண்ணெயை முதலில் ஒளித்து வையுங்கள்.

அது வண்டே அல்ல, தச்சுத்தேனீ. மூங்கிலைத் தின்பதில்லை, குடைந்து வீடு கட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே மகரந்தத்தைத் தேனில் பிசைந்து ஓர் உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, மரத்தூளால் தடுப்பு எழுப்பிவிட்டு அடுத்த அறைக்குப் போகும். நீங்கள் பார்த்த தூள் அந்த வேலையில் விழுந்தது. முகத்துக்கு நேராக நின்று முறைப்பது பெரும்பாலும் ஆண். ஆண் தேனீ எதற்கும் கொடுக்குக் கிடையாது, வெறும் சவடால். பெண்ணுக்கு உண்டு. கையில் பிடித்து நசுக்கினாலொழிய கொட்டாது.

உங்கள் கத்தரி ஏன் அப்படிக் காய்க்கிறது என்று யோசித்தீர்களா? கத்தரிப்பூவின் மகரந்தப்பை மற்ற பூக்களைப் போல வெடித்துத் திறக்காது. நுனியில் ஊசித் துளைதான் இருக்கும், உப்புக்குடுவை மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். தச்சுத்தேனீ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை விரிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். மகரந்தம் அதன் வயிற்றில் கொட்டும். பூவில் உட்கார்ந்ததும் சத்தம் திடீரென்று கீச்சென உயருவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. தக்காளிக்கும் இதே கதைதான். அது காற்றில் ஆடினாலே ஓரளவு காய்த்துவிடும், இந்த அதிர்வு கிடைத்தால் இன்னும் நன்றாகக் காய்க்கும். (தேனீ வராத மாடித் தோட்டத்தில் நான் பழைய மின்சாரப் பல்துலக்கியைப் பூங்கொத்தின் காம்பில் வைத்து ஓட்டியிருக்கிறேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள், காய் பிடித்தது.)

பிஞ்சுக்கு ஒரு சோதனை. உதிர்ந்ததை நீளவாக்கில் நறுக்கிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. சுத்தமாக இருந்தால் மகரந்தம் சேரவில்லை. பூசணி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் போகாது. யாராவது சுமந்து வரவேண்டும். உங்களிடம் தேனீ இருந்தும் சேரவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஈரக்கை

பெரியவரே, வெயில் மேல பழி போடாதீங்க. கேள்வியை இன்னொரு தடவை படிங்க.

"தினம் 6 மணிக்கே ஒரு கிண்ணம் ஆண்பூ."

அக்கா, பூசணிப்பூ விடியும்போது விரியும், உச்சிக்குள்ள மூடிடும், அதோட கதை முடிஞ்சது. ஒரு பூவுக்கு வாழ்க்கையே அந்த ஒரு காலைதான். தேனீ வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே நீங்க மாப்பிள்ளைகளை எல்லாம் வாணலியில போட்டுட்டா பாவம் அது எதைச் சுமந்துட்டு வரும்? பிஞ்சைக் குத்தினது வண்டு இல்லை. பூண்டு!

கொடிக்காரி

ஐயையோ.

நாலு பிஞ்சு நறுக்கிப் பார்த்தேன், ஒண்ணுலயும் புழு இல்லை. இதை வீட்டுக்காரர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. சாயங்காலம் வரைக்கும் சொல்லலை, அப்புறம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சார்.

சரி, அப்போ பூவைச் சமைக்கிறதையே விட்டுடணுமா? பெரியவன் முகத்தை நினைச்சா கஷ்டமா இருக்கு. தக்காளிக்கும் யாரும் பதில் சொல்லலையே.

வேலியோரம்

விடவேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். 10 மணிக்கு மேல் ஆண்பூ மூட ஆரம்பிக்கும்போது பறியுங்கள். அதன் வேலை முடிந்திருக்கும். கொஞ்சம் துவண்டிருக்கும், வதக்கப் போகிற பூவுக்கு அது ஒரு குறையா? ஆனால் மூடிய பூவைப் பிரித்துப் பார்க்காமல் எண்ணெயில் போட்டுவிடாதீர்கள். தனியாக வாழும் தேனீக்களில் ஆண்களுக்குக் கூடு கிடையாது. சில பூவுக்குள்ளேயே தூங்கிவிடும்.

இந்த வாரம் மட்டும் கையாலும் தொட்டுவிடுங்கள். 8 மணிக்குள் ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். அங்கே மூன்று மடல் இருக்கும், மூன்றிலும் படவேண்டும். ஒரு பக்கம் விட்டால் காய் கோணிக்கொள்ளும். இரண்டு மூன்று பெண்பூவுக்கு ஓர் ஆண்பூ போதும். (யாராவது சுரை போட்டிருந்தால்: அது மாலையில் பூத்து அந்துப்பூச்சியை எதிர்பார்க்கும் பூ. காலையில் போய்த் தடவிப் பயனில்லை.)

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். உரக்குழியில் தானாக முளைத்த கொடி என்கிறீர்கள். அந்த விதை எந்தப் பூவோடு கலந்ததோ யாருக்கும் தெரியாது. முதல் காயைச் சமைப்பதற்கு முன் பச்சையாக ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு குகுர்பிட்டாசின் என்னும் நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. வீணாகிறதே என்று சர்க்கரை போட்டுச் சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததையும் பார்த்திருக்கிறேன்.

தக்காளி சிவக்காததற்கு உண்மையிலேயே வெயில்தான் காரணம். 30 டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. லேசாக நிறம் மாறியதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் பரப்பி வையுங்கள், தானாகச் சிவக்கும். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், மணம் செத்துவிடும். முத்தின கத்தரியை நெருப்பில் கருகச் சுட்டு, தோலோடு விதைக் கொத்தையும் வழித்தெறிந்துவிட்டு, சதையை மட்டும் அந்தத் தக்காளியோடு சேர்த்துச் சுண்டவையுங்கள். கசப்பெல்லாம் விதைப் பக்கம்தான்.

தேனீ தங்க வேண்டுமென்றால் தோட்டம் முழுவதையும் சருகு போட்டு மூடாதீர்கள். உலகில் 20,000க்கு மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை மண்ணில்தான் வளை தோண்டும். வெயில் படும் ஒரு முழ நிலத்தை வெறுமனே விட்டுவிடுங்கள். ரோஜா இலை ஓரத்தில் கத்தரித்தாற்போல அரைவட்டம் தெரிந்தால் மருந்து தேடாதீர்கள், இலைவெட்டித் தேனீ தொட்டிலுக்குத் துணி எடுத்துப் போயிருக்கிறது. கொத்தமல்லி பூத்துவிட்டது என்று பிடுங்காதீர்கள். பூ தேனீக்கு, பச்சை விதை உங்களுக்கு. அந்த விதையை நசுக்கித் தக்காளியில் போட்டுப் பாருங்கள்.

பழைய மண்வெட்டி

வெயில் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். பூண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பந்தல் மூங்கில் பலவீனமாகிவிடும் என்று வீட்டுக்காரர் பயந்தால், பந்தல் பாரத்தைச் சுமக்காத காய்ந்த மூங்கில் துண்டு இரண்டைப் பக்கத்தில் கட்டிவிடச் சொல்லுங்கள், அதைக் குடைந்துகொள்ளட்டும். பந்தல் காலுக்குப் பெயின்ட் அடித்துவிடலாம், பூச்சு இருந்தால் அது அவ்வளவாகக் குடையாது. குடியிருக்கும் ஓட்டையை மட்டும் இப்போது தொடவேண்டாம், உள்ளே பிள்ளைகள் இருக்கும்.

கொடிக்காரி

12 நாள் கழிச்சு வர்றேன். மன்னிச்சுக்கங்க, காய் நின்னா மட்டும்தான் எழுதணும்னு இருந்தேன்.

6 பெண்பூ தொட்டேன். 2 போச்சு, 4 நின்னிருக்கு. காம்பு கீழே வளைஞ்சு, ஒண்ணு இப்போ தேங்காய் அளவு. ஒண்ணு கோணல், மூணாவது மடலை அவசரத்துல விட்டிருப்பேன் போல. நான் தொடாத ஒரு பூவும் காயாயிருக்கு! அது யார் வேலைன்னு இப்போ தெரியும்.

வீட்டுக்காரர் மூங்கில் துண்டு மூணு கட்டிவிட்டார். தச்சுத்தேனீ அதைச் சட்டையே பண்ணலை, பழைய ஓட்டைதான் வேணுமாம். இப்போ அவரே காலைல டீயோட கத்தரிச் செடிகிட்ட உட்கார்ந்து கீச்சுச் சத்தம் கேட்கிறார், என்னையும் பேசவிடறதில்லை.

சுட்ட கத்தரி, தக்காளி, பச்சைக் கொத்தமல்லி விதை மூணு தடவை செஞ்சாச்சு. நேத்து பத்தரைக்கு 7 பூ பறிச்சு ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். அஞ்சாவதுல அரிசி அளவுல ஒரு தேனீ, மேலெல்லாம் மஞ்சள் பொடியோட தூங்கிட்டிருந்தது. பெரியவன் அந்தப் பூவை அப்படியே கொண்டுபோய்ப் பந்தல்ல ஒரு இலை மேல வெச்சுட்டு வந்து, தனக்கு ஒரு பூ குறையுதுன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தான்.